படம் எப்படி இருக்கு? சினிமா, புத்தக விமர்சனம் பற்றிக் கேள்வி பதில்

மதுரை: சார், விமர்சனம் எழுதியே குடும்பம் நடத்த முடியுமா?

அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மாதச் சம்பளத்தில் இருப்பவர்களும் பேட்டி, செய்தி என்று எல்லாம் செய்துவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை படத்துக்குப் போகிறார்கள். புத்தக மதிப்புரை இன்னும் மோசம். சிற்றிதழில் பல நேரம் அந்த இதழின் ஒரு பிரதிதான் சன்மானம். நானும் பகலில் வேறு வேலை பார்க்கிறவன்தான்.

திருச்சி: தியேட்டர் இருட்டில் குறிப்பு எடுப்பீர்களா?

கொஞ்சமாக. செல்போன் வெளிச்சம் பக்கத்து சீட்காரருக்குத் தொந்தரவு. அதனால் சின்ன நோட்டும் பேனாவும். எழுதி முடித்த வரியின் மேல் இடது கட்டைவிரலை வைத்துக்கொண்டால் அடுத்த வரி அதன்மேல் விழாது. கதையை எழுத மாட்டேன். தியேட்டர் எங்கே சிரித்தது, எந்த இடத்தில் ஆட்கள் போனை எடுத்தார்கள், எந்த ஷாட் தேவைக்கு மேல் நின்றது, அவ்வளவுதான். பத்து மணி காட்சி முடிந்ததுமே கட்டுரை கேட்பார்கள்; இந்தக் கிறுக்கல்தான் கைகொடுக்கும்.

புத்தகம் என்றால் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் பக்க எண்ணும் சில சொற்களும்: ‘87, மாமியார் பேச்சு ஒட்டவில்லை.’ நாவல் பிடிக்கவில்லை என்று சும்மா சொன்னால் எழுத்தாளர் சண்டைக்கு வருவார். 87ஆம் பக்கத்தைக் காட்டினால் அவரும் புரட்டிப் பார்ப்பார். அப்புறம் சண்டைக்கு வருவார், அது வேறு.

கோவை: அண்ணா, மார்க் போடுவது சரியா? விகடன் போடுகிறதே?

‘16 வயதினிலே’க்கு விகடன் கொடுத்த 62.5 மார்க்கை இன்றும் பேசுகிறார்கள். அந்த விமர்சனம் என்ன சொன்னது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. மார்க் மேல் என் வருத்தம் அதுதான்.

சென்னை: முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்களே?

2024 இறுதியில் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. அவர்கள் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. படத்தைத் திட்டலாம், நடிகரின் வீட்டாரை ஏன் இழுக்க வேண்டும்? ஆனால் சனிக்கிழமை டிக்கெட் வாங்குகிறவர் திங்கட்கிழமை வரும் விமர்சனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

ஈரோடு: பத்திரிகையாளர் காட்சியில் பணம் வைத்த கவர் கொடுத்தால்?

வாங்காதீர்கள். காபி குடிக்கலாம்.

பாளையங்கோட்டை: நண்பரின் நாவலுக்கு மதிப்புரை கேட்கிறார். மறுக்கவும் முடியவில்லை.

வெளியீட்டு விழாவில் பேசுங்கள். அங்கே பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள், கேட்பவர்களுக்கும் அது தெரியும். மதிப்புரையை நம்பி ஒருவர் 350 ரூபாய் செலவு செய்வார். எழுதியே ஆகவேண்டும் என்றால், நண்பர் என்பதை முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள்.

சேலம்: ஐயா, பழக எங்கே தொடங்குவது?

புத்தகத்துக்கு விமர்சகர் க.நா.சு. நல்ல எழுத்தாளர்கள் இவர்கள்தான் என்று அவர் போட்ட பட்டியலோடு சண்டை போட்டே பலர் விமர்சகர்களானார்கள். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள். சினிமாவுக்கு, தமிழ் சினிமா வரலாற்றை எழுதிய தியடோர் பாஸ்கரன். படிப்பதோடு, பிடித்த படத்தில் ஒரே ஒரு காட்சியை எடுத்து 300 சொற்கள் எழுதிப் பாருங்கள். ‘அருமை’, ‘சுமார்’, ‘மொக்கை’ மூன்றும் வரக்கூடாது. கேமரா எங்கே இருந்தது, யார் முகத்தைக் காட்டவில்லை, பின்னணி இசை எப்போது நின்றது என்று எழுதுங்கள். நினைவில்லை என்றால் அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள்.