அம்பாசிடருக்கு ஏசி போடலாமா அண்ணாச்சி? (கேள்வி-பதில்)

அக்னி நட்சத்திரம் தொடங்குனா போதும், போர்டிகோல துணி போத்தி நிக்குற பழைய வண்டிக்காரவியளுக்கெல்லாம் திடீர்னு ஏசி ஞாபகம் வந்துரும். இந்த தடவ வந்த கேள்வில பாதி இதே சங்கதிதான், அதனால சேத்து வச்சு ஒரே மூச்சுல சொல்லிருதேன்.

கேள்வி: அப்பா வச்சிருந்த அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் இஞ்சின். ஏசி தாங்குமா? (அம்பாசமுத்திரம்)

தாங்கும், இஞ்சின் நல்லா இருந்தா. ஏசி கேஸ அமுக்குற கம்ப்ரஸர் லோடு எடுத்துச்சுன்னா இஞ்சின்கிட்ட இருந்து 4, 5 குதிரைசக்திய புடுங்கிரும், ஒங்க இஞ்சின் புதுசுல குடுத்ததே 50 சொச்சம்தான், இத்தன வருசத்துல தேஞ்சது போக என்ன மிச்சம்னு மொதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அமுக்கம் பாக்குறது) பண்ணி பாருங்க. பெறவு ரேடியேட்டர கழட்டி அடைப்பு எடுக்க குடுங்க. தாமிரபரணி பக்கத்துல ஓடுது, ஆனா வண்டிக்கு மட்டும் போர் தண்ணிய ஊத்துவாவ, உள்ள உப்பு படிஞ்சு பாதி குழா அடைச்சு கெடக்கும். இதெல்லாம் முடிச்சிட்டு ஏசி இல்லாமலே உச்சி வெயில்ல அம்பைலருந்து நெல்லைக்கு ஓட்டியாந்து வண்ணாரப்பேட்டை நெரிசல்ல ஊந்து பாருங்க. இஞ்சின் சூடு காட்டுற முள்ளு நடுவுலயே நின்னா ஏசி பத்தி பேசுவோம், ஏறுச்சுன்னா அந்த காச ரேடியேட்டர்லயே போடுங்க.

இன்னொண்ணு, கம்ப்ரஸர் பிராக்கெட். அத இஞ்சின் பிளாக்குலதான் போல்ட் போட்டு புடிக்கணும், பாடில புடிச்சா இஞ்சின் ரப்பர் மவுண்ட்ல ஆடுறப்ப பெல்ட் ஒரு பக்கமும் புல்லி ஒரு பக்கமுமா இழுக்கும். மாட்டி முடிச்சதும் நீட்டு ஸ்டீல் ஸ்கேல புல்லி மொகத்துல வச்சு பாருங்க, ரெண்டு புல்லியும் ஒரே கோட்டுல ஸ்கேல தொடணும், நூல் அளவு தள்ளி நின்னாலும் பெல்ட் சீட்டியடிக்கும், கொஞ்ச நாள்ல பிஞ்சிரும். நான் தொழில் பழகுன புதுசுல மெல்லிசு பிளேட்ல பிராக்கெட் அடிச்சு ஒரு வண்டிக்கு மாட்டிவிட்டேன். கயத்தாறு தாண்டல, வெல்டு வாய் பிளந்து கம்ப்ரஸர் சாஞ்சு, போற போக்குல பேன் பெல்ட்டையும் அறுத்துட்டு போயிருச்சு. வண்டிய கயிறு கட்டி இழுத்துட்டு வந்தோம், ஓனர் வழி பூரா ஒரு வார்த்த பேசல. அன்னைலருந்து கனத்த பிளேட்டுதான், பட்டை குடுத்துதான் வெல்டு.

கேள்வி: பத்மினி கார்ல ஏசி போட்டு ஒரு வருசம். ஓடுறப்ப சில்லுனு இருக்கு, சிக்னல்ல நின்னா காத்து சூடாகி இஞ்சினும் ஹீட் ஆகுது. கேஸ் கொறஞ்சிருச்சுங்காங்க. (பாளையங்கோட்டை)

கேஸ் இல்ல, காத்து. ஓடுறப்ப தானா வர்ற காத்து, ஏசி சூட வெளிய தள்ளுற கண்டென்சர ஆத்திருது, நின்னா பேன்தான் இழுக்கணும். வண்டிய நிறுத்தி, இஞ்சின் மட்டும் மெதுவா ஓடுற மாதிரி ஐடில்ல விட்டு ஏசிய போட்டு தினத்தந்தி தாளுல ஒரு துண்டு கிழிச்சு கிரில்லுக்கு முன்னால காட்டுங்க. ஒட்டிக்கிட்டா சரி. தள்ளிவிட்டா பேன் தலகீழா சுத்துது, ரெண்டு வயர மாத்தி குடுத்திருக்காவ, பத்து நிமிச வேல. ஒட்டாம தொங்குச்சுன்னா கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைச்சிருக்கும். திசையன்வெளை பக்கத்துல இருந்து ஒரு வண்டி வந்துச்சு, கண்டென்சர கழட்டி தட்டுனா தேரி மண்ணு குங்குமம் மாதிரி கொட்டுது, கீழ வச்ச பேசின்ல பாதி. அதுக்கு அதுவரைக்கும் மூணு தடவ கேஸ் ஏத்தியிருக்காவ! கழுவுறப்ப தண்ணிய ரொம்ப வேகமா அடிக்காதீங்க, பின்னு (கண்டென்சர்ல உள்ள மெல்லிசு தகடு) மடங்கிரும். ஏசி போட்டதும் ஐடில் கொஞ்சம் ஏறுற மாதிரி கார்புரேட்டர்ல ஐடில்-அப் இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா வாட்டர் பம்பும் மெதுவாத்தான் சுத்தும்.

கேள்வி: வருசா வருசம் கேஸ் ஏத்தணுமா? (தூத்துக்குடி)

யாரு சொன்னா? கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகுற சாமான் இல்ல, கொறஞ்சா எங்கயோ போகுதுன்னு அர்த்தம். கேஸ் கசியிற எடத்துல எண்ணெயும் சேந்து கசியும், அதுல தூசி அப்பி கருப்பா நிக்கும், மொதல்ல ஜாயிண்ட்ல அத தேடுங்க, பெறவு சோப்பு தண்ணி. ஒங்க ஊரு உப்பு காத்துக்கு அலுமினிய பின்னு மாவா உதிரும், கண்டென்சர அடிக்கடி நல்ல தண்ணில கழுவுங்க.

ரொம்ப பழைய கிட்டுனா உள்ள ஆர்12 இருந்திருக்கும். ஓசோன ஓட்ட போடுதுன்னு 1987ல மாண்ட்ரியால்ல ஒப்பந்தம் போட்டாவல்லா, அதுல ஒழிஞ்ச கேஸு. இப்ப ஆர்134ஏ. ரெண்டுக்கும் எண்ணெ வேற, பழைய மினரல் ஆயில் புது கேஸோட கலக்காது, கம்ப்ரஸர் எண்ணெ இல்லாம செத்துரும். அதனால சும்மா மேல ஏத்திவிட சம்மதிக்காதீங்க. எண்ணெய வடிச்சு மாத்தி, ஈரத்த உறிஞ்சுற டிரையர் புதுசு, ஜாயிண்ட்ல உள்ள ரப்பர் ஓ-ரிங் புதுசு, ஹோசும் இந்த கேஸுக்குள்ளது. பெறவு அர மணி நேரமாவது வாக்குவம் போட்டு (உள்ள இருக்குற காத்த பம்ப்ல உறிஞ்சி), பம்ப நிறுத்தி கால் மணி நேரம் கேஜ் முள்ள பாருங்க. மேல ஏறுனா இன்னும் ஓட்ட இருக்கு. கேஸ எட போட்டுதான் ஏத்தணும், கைய வச்சு குளுமை பாத்து ஏத்துதவிய கிட்ட போவாதீங்க. அடுப்பு கேஸ ஏத்துதவியளும் இருக்காவ, பக்கத்துல கூட நிக்காதீங்க.

கேள்வி: ராத்திரி ஏசி போட்டா ஹெட்லைட்டு மங்குது. (தென்காசி)

பேட்டரி சார்ஜுக்கு பழைய டைனமோ வச்ச வண்டியா இருக்கும். அது முழு வேகத்துல குடுக்குறதே 20, 22 ஆம்பியர், ஐடில்ல ஒண்ணுமே இல்ல. உள்ள காத்து ஊதுற புளோவர், கண்டென்சர் பேன், கம்ப்ரஸர் கிளட்ச் மூணும் சேந்தாலே அத தாண்டிரும். ஆல்டர்னேட்டர் மாத்தணும். மாத்துறதுக்கு முன்னால பேட்டரில எந்த முனைய பாடியோட சேத்து எர்த் குடுத்திருக்குன்னு பாருங்க, பழைய பிரிட்டிஷ் டிசைன் வண்டி சிலதுல பாசிட்டிவ் எர்த், அப்படியே மாட்டுனா ஆல்டர்னேட்டர் டையோடு அந்த நிமிசமே புகைஞ்சிரும். பேனுக்கும் புளோவருக்கும் தனித்தனி ரிலே, பியூஸ்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கு, 948 சிசி… (வள்ளியூர்)

வேண்டாம் தம்பி. கண்ணாடிய எறக்குங்க, ஒங்க ஊருல காத்துக்கா பஞ்சம்.

கேள்வி: எல்லாம் சரியா இருக்கு, ஆனா பின்சீட்டுக்கு குளுமையே வரல. கருப்பு பிலிம் ஒட்டலாமா? (மேலப்பாளையம்)

கருப்பு பிலிம் 2012லயே சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டாச்சு, புடிச்சா அங்கயே உரிக்க வைப்பாவ. ராத்திரி ஒராள உள்ள ஒக்கார வச்சு கதவ அடைச்சுட்டு வெளியருந்து டார்ச் அடிங்க, பெடல் ஓட்டை, வயர் ஓட்டை, கதவு பீடிங் எல்லாத்துலயும் வெளிச்சம் உள்ள விழும். அத்தனையும் இஞ்சின் சூடு உள்ள வர்ற வழி. ரப்பர் போட்டு அடைச்சு, தரைக்கும் கூரைக்கும் இன்சுலேஷன் ஒட்டுனா அதே ஏசிதான், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: முன்சீட்டுல ஒக்காந்தவங்க கால்ல தண்ணி சொட்டுது. (பேட்டை)

கூலிங் காயில் டிரெயின் குழா அடைச்சிருக்கு. ஊதி விடுங்க.

கேள்வி: சீசனுக்கு குத்தாலம் போறோம், ராத்திரி ஏசிய போட்டு வண்டிலயே படுக்கலாமா?

படுக்கவே படுக்காதீங்க. பழைய வண்டில தரை துருப்புடிச்சு, சைலன்சர் ஜாயிண்ட் கசிஞ்சு, அந்த பொகைல இருக்குற கார்பன் மோனாக்சைடு உள்ள வந்தா மணமே தெரியாது, தூக்கத்துலயே ஆள முடிச்சிரும். இஞ்சின ஆப் பண்ணி, கண்ணாடிய எறக்கி விட்டு படுங்க. சாரல் அடிக்குற ஊருல ஏசி எதுக்கு வே?