ஸ்பானிஷ் வினைச்சொல்: இங்கிலீஷ் வழியாகச் சுற்ற வேண்டாம்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கமிருந்து ஸ்பானிஷ் படிக்கும் சிலர் கேட்டவை. எல்லாரும் இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துத்தான் படிக்கிறார்கள். சிக்கலில் பாதி அங்கேயே தொடங்குகிறது.

குன்னூர், கல்லூரி மாணவி: அக்கா, இங்கிலீஷில் ஸ்பீக், ஸ்பீக்ஸ் என்று இரண்டே வடிவம். இதில் ஒரு வினைக்கு ஆறு. எப்படி மனப்பாடம் செய்வது?

பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்பதை யாராவது உங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்களா? விகுதியிலேயே ஆள் தெரியும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஸ்பானிஷும் அப்படித்தான். 'ஆப்லார்' என்றால் பேசுவது. கடைசி 'ஆர்' போய் விகுதி வரும். ஆப்லோ பேசுகிறேன், ஆப்லாஸ் பேசுகிறாய், ஆப்லா பேசுகிறார், ஆப்லாமோஸ் பேசுகிறோம், ஆப்லான் பேசுகிறார்கள். ஆறாவதான 'ஆப்லாய்ஸ்' ஸ்பெயினில் நண்பர்கள் பலரைச் சேர்த்து அழைக்கும்போது வருவது. லத்தீன் அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 'நான்' என்பதற்கு 'யோ' என்ற சொல் உண்டு. இங்கிலீஷ் வழியாக வருகிறவர்கள் அதை எல்லா வாக்கியத்திலும் ஒட்டுவார்கள். நாம் வெறும் 'வர்றேன்' என்று சொல்வதுபோல வெறும் 'ஆப்லோ' போதும்.

கோத்தகிரி, படுகு பேசும் தம்பி: பேசுகிறான், பேசுகிறாள் என்பதற்குத் தனித்தனி விகுதி உண்டாங்க?

கிடையாது தம்பி. ஆணோ பெண்ணோ 'ஆப்லா'தான். நாம், நாங்கள் என்ற பிரிவும் இல்லை, இரண்டுக்கும் ஆப்லாமோஸ்.

ஊட்டி, சுற்றுலா வழிகாட்டி: வருகிறவர்களிடம் மரியாதையாகப் பேச எந்த வடிவம்?

'உஸ்தெத்' என்ற சொல், கூடவே 'அவர்' வடிவம். 'ஆப்லா உஸ்தெத் எஸ்பான்யோல்?' என்றால் 'நீங்கள் ஸ்பானிஷ் பேசுவீர்களா?' பலராக இருந்தால் 'ஆப்லான் உஸ்தெதெஸ்'. முன்பின் தெரியாத பெரியவரிடம் 'ஆப்லாஸ்' என்று ஆரம்பிக்காதீர்கள். அது நம் 'நீ'.

குன்னூர், டீ கடைக்காரர்: 'எனக்கு டீ பிடிக்கும்' என்று சொல்ல 'யோ குஸ்தோ' என்றேன். தப்பு என்கிறார்கள்.

இங்கிலீஷ் உங்களைத் தடம் மாற்றிவிட்டது, அண்ணா. அங்கே 'நான்' எழுவாய். ஸ்பானிஷிலோ தமிழ்போல 'எனக்கு'தான்: 'மே குஸ்தா எல் தே'. மே என்றால் எனக்கு, பிடிப்பது தே. எனவே வினை டீக்குத்தான் இசைய வேண்டும். பல பூக்கள் பிடிக்கும் என்றால் 'மே குஸ்தான் லாஸ் ஃப்லோரெஸ்'. தமிழில் ஒன்றானாலும் பலவானாலும் 'பிடிக்கும்' மாறாது, ஸ்பானிஷில் மாறும். அந்த ஓர் இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள்.

கோத்தகிரி, பள்ளி ஆசிரியை: 'தெனேர்' (தன்னிடம் இருப்பது) ஏன் நடுவில் உருமாறுகிறது?

தெங்கோ, தியெனெஸ், தியெனெ, தெனேமோஸ், தியெனென். இதில் 'தெங்கோ' தனி வழி, அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். மற்றவற்றுக்குக் காரணம் உண்டு. அழுத்தம் வேர்மேல் விழும்போது 'தெ' என்பது 'தியெ' ஆகிறது. தெனேமோஸில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் வேர் அப்படியே நிற்கிறது. கியெரோ, கெரேமோஸ் (விரும்புகிறேன், விரும்புகிறோம்), புவெதோ, பொதேமோஸ் (முடியும்) எல்லாம் இதே கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் பட்டியல் தானாகச் சுருங்கும்.

ஊட்டிக் குளிருக்கும் இந்த வினைதான். 'தெங்கோ ஃப்ரியோ' என்றால் எனக்குக் குளிருது.

ஊட்டி, பிளஸ் டூ மாணவன்: ஏர், இர் என்று முடியும் வினைகள்?

ஏறக்குறைய ஒன்றே. கோமோ சாப்பிடுகிறேன், எஸ்க்ரிபோ எழுதுகிறேன். 'நாங்கள்' வடிவத்தில் கோமேமோஸ், எஸ்க்ரிபிமோஸ் என்று பிரியும். ஸ்பெயினின் அந்த ஆறாவது வடிவமும் பிரியும். மற்றதெல்லாம் ஒரே விகுதி.

அதே மாணவன்: இறந்தகாலத்தை எப்போது ஆரம்பிக்கலாம்?

காது தயாரான பிறகு. ஆப்லோ என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்', கடைசி அசையை அழுத்தினால் 'பேசினார்'. எழுத்திலும் கடைசி ஓகாரத்தின் மேல் ஒரு சாய்கோடு வரும். மனசுக்குள் படித்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. நிகழ்காலத்தைத் தினமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுத்தம் தடுமாறாமல் வந்ததும் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.