டயோனிசஸ் அயலிலிருந்து வந்தவனா?

அன்புள்ள ஐயா,

கிரேக்கர்களின் மதுத்தெய்வமான டயோனிசஸ், திரேஸிலிருந்தோ சிறிய ஆசியாவிலிருந்தோ பிற்காலத்தில் வந்துசேர்ந்த அயல்தெய்வம் என்று ஒரு பழைய நூலில் படித்தேன். இக்கருத்து இன்றும் ஏற்கப்படுகிறதா? அப்பெயரின் பொருள் என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் படித்தது, எர்வின் ரோடே போன்ற ஜெர்மானிய அறிஞர்கள் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த கருத்து. ஹோமரின் காவியங்களில் டயோனிசஸ் அரிதாகவே வருகிறான். யூரிப்பிடிஸின் ‘பாக்கே’ நாடகத்திலோ சிறிய ஆசியாவின் லிடியாவிலிருந்து தீப்ஸ் நகருக்குப் புதியவனாக வந்து நிற்கிறான். இவற்றை அவர்கள் வரலாற்றுச் சான்றுகளாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அக்கருத்தைக் களிமண் பலகைகள் உடைத்தன. 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ், பண்டைய அரண்மனைகளின் கணக்குப் பலகைகளில் இருந்த ‘லீனியர் பி’ எழுத்துகளைப் படித்து, அவற்றின் மொழி கிரேக்கமே என்று காட்டினார். கி.மு. 1200-ஐ ஒட்டி எரிந்துபோன, தென்மேற்குக் கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில், அந்தத் தீயிலேயே சுடப்பட்டு இறுகியதால் எஞ்சிய கணக்குப் பலகைகளில் ‘தி-வோ-நூ-சோ’ என்ற பெயர் இருந்தது. அது தெய்வத்தைக் குறிக்கிறதா, அப்பெயர் கொண்ட மனிதனையா என்ற ஐயம் சில காலம் நீடித்தது. கிரீட் தீவின் கானியாவில் பின்னர் கிடைத்த பலகையொன்று, கிரேக்கர்களின் தலைமைத் தெய்வமான ஜீயஸின் கோயிலில் ஜீயஸுக்கு ஒரு சாடித் தேன், டயோனிசஸுக்கு இரண்டு சாடித் தேன் எனக் காணிக்கைக் கணக்கு வைத்திருக்கிறது. அதன்பின் ஐயத்துக்கு இடமில்லை. ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவன் கிரேக்கர்களின் தெய்வம்.

பெயரின் முற்பகுதி ‘ஜீயஸினுடைய’ என்று பொருள்படும். வேதங்களின் தியௌஸ் என்ற வானத்தெய்வத்தின் பெயரும் ஜீயஸின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பிற்பகுதியைப் பற்றி ஒருமித்த முடிவு இல்லை. ‘மகன்’ என்ற விளக்கம் கவர்ச்சியானது, ஆனால் ஆதாரம் மெலிந்தது. அவன் வளர்ந்த நைசா மலையின் பெயரே அது என்று பண்டையோர் நம்பினார்கள். ஆனால் அந்த நைசாவை ஹெரோடோட்டஸ் எத்தியோப்பியாவில் வைக்கிறார். அலெக்சாண்டரின் படை இந்தியாவின் வடமேற்கில் ஒரு நைசாவைக் கண்டதாக அவன் வரலாற்றை எழுதிய அரியன் கூறுகிறார். இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மலை, தெய்வத்தின் பெயரிலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

பலகைகள் படிக்கப்படுவதற்கு முன்பே, 1933-ல், ஜெர்மானிய அறிஞர் வால்டர் ஓட்டோ வேறொரு வாசிப்பை முன்வைத்தார். வருகை என்பது டயோனிசஸின் வரலாறு அல்ல, அவனது இயல்பு என்றார் அவர். ‘பாக்கே’ நாடகத்தை அவ்வாறுதான் வாசிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதில் அவனைப் பெற்ற செமிலி தீப்ஸை நிறுவிய காட்மஸின் மகள். அயலான் என்று எண்ணி அவனைச் சிறையிட ஆணையிடும் மன்னன் பென்தியூஸ், தன் தாயின் உடன்பிறந்தவள் பெற்ற மகனையே சிறையிடுகிறான்.