வழிய மறிக்கிற பெரிய கட்டை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பிளாட்ஃபார்ம் கேம் பத்தி, அதான் மாரியோ மாதிரி ஓடி குதிச்சு போற கேம் பத்தி எழுதிருந்தேன்ல, அதுக்கு வந்த கேள்வியெல்லாம் பாத்தா ஒடைக்கிற கட்டைய, அதான் பிளாக்க பத்திதான் நெறைய. அதுலயும் ஆளு சைஸுக்கு மேல நின்னு வழிய மறிக்கிற பெரிய கட்டைதான் எல்லாருக்கும் பிரச்சனை. அதனால இந்த தடவ வேற எதையும் எடுக்கல, இது மட்டுந்தான்.

கேள்வி (குளச்சல், வலைக்கடை வெச்சிருக்கிற வாசகர்): தம்பி, எங்கப்பா துபாய்ல இருந்து வந்தப்போ கொண்டு வந்த டிவி கேம்லதான் நாங்க மாரியோ வெளையாடுவோம். சின்ன மாரியோ முட்டினா செங்கல் குலுங்கும், ஒடையாது. மஷ்ரூம் தின்னு பெருசானா ஒரே முட்டுல தூளு. இது ஏன் இப்டி வெச்சான்? அப்புறம் எல்லாமே ரெண்டு மடங்கா இருக்கிற ஒரு உலகமும் உண்டுன்னு ஞாபகம், அது நெஜமா இல்ல எங்க கேசட்ல மட்டுமா?

பதில்: நெஜந்தான் அண்ணாச்சி. அது சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3, ஜப்பான்ல 1988ல வந்தது. அதுல நாலாவது உலகம்தான் நீங்க சொல்றது, கட்டை, பைப், நடந்து வர எதிரி எல்லாம் ராட்சச சைஸ், நம்ம மாரியோ மட்டும் அதே உயரம். அங்க போய் நின்னா நாம சின்னப் பிள்ளையா ஆன மாதிரி இருக்கும் பாத்துக்கிடுங்க, அதுக்காகவே அந்த உலகம் எனக்கு ரொம்ப இஷ்டம்.

இனி மொத கேள்வி. 1985ல வந்த மொத சூப்பர் மாரியோல ஒரு கட்டைன்னா 16க்கு 16 பிக்சல், அதான் ஸ்கிரீன்ல உள்ள சின்ன புள்ளி. அந்த கேம் ஓடின நிண்டெண்டோ மெஷின் படத்த 8க்கு 8 துண்டு துண்டாத்தான் போடும், நாலு துண்டு சேந்தா ஒரு கட்டை, கலரையும் 16க்கு 16 எடத்துக்கு ஒரு செட்டுனுதான் குடுக்க முடியும், அதனால கட்டை சைஸ் மெஷினோட கணக்குக்கு ஒத்து வந்த சைஸாக்கும். ஸ்கிரீன் அகலம் 256 பிக்சல், அப்போ குறுக்க 16 கட்டை கொள்ளும். சின்ன மாரியோ ஒரு கட்டை உயரம், பெரிய மாரியோ ரெண்டு கட்டை உயரம். யாருக்கு ஒடைக்க பலம் உண்டு, யாருக்கு இல்லங்கறத ஒரு எழுத்து கூட போடாம உயரத்த வெச்சே சொல்லியாச்சு.

அத எப்டி கத்துக் குடுக்காங்கன்னு மொத ஸ்டேஜ்ல பாருங்க. ஆரம்பத்துலயே செங்கல், கேள்விக்குறி, செங்கல், கேள்விக்குறி, செங்கல்னு வரிசையா அஞ்சு, அதுக்கு மேல தனியா ஒரு கேள்விக்குறி. வரிசைல எடது பக்கத்து கேள்விக்குறிய முட்டினா மஷ்ரூம் வெளிய வந்து வலது பக்கமா போய், கீழ விழுந்து, பைப்ல மோதி நம்மளப் பாத்து திரும்பி வரும். புதுசா வெளையாடுறவன் அத எதிரின்னு நெனச்சு ஓடப் பாத்தாலும் மேல கட்டை இருக்கிறதால சரியா குதிக்க முடியாம அதுமேலயே போய் விழுவான், பெருசாவான். கொஞ்சம் முன்னாடி குலுங்க மட்டும் செஞ்ச அதே செங்கல் தலைக்கு மேலயே இருக்கு. சும்மா ஒரு தடவ குதிச்சா போதும், நாலு துண்டா சிதறி 50 பாயிண்ட் வரும். அதே எடம், அதே கட்டை, மாறினது நாம மட்டும். ஒடைக்கிற கட்டைக்கு இத விட அழகா பாடம் எடுத்த கேம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கேள்வி (மார்த்தாண்டம், எஞ்சினியரிங் மாணவர்): அண்ணே, நான் கோடோல (Godot, கேம் பண்ற சாஃப்ட்வேர்) ஒரு சின்ன கேம் பண்ணிட்டு இருக்கேன். ஹீரோவ விட பெரிய கட்டை ஒண்ணு வழிய அடச்சு நிக்கும், டேஷ், அதான் சட்டுன்னு வேகமா பாய்ஞ்சு அடிச்சா ஒடையும். ஆனா எங்க கிளாஸ் பசங்க வெளையாடும்போது அது செவருன்னு நெனச்சு திரும்பி போறானுவ. ‘இதை உடைக்கவும்’னு போர்டு வை லேங்கானுவ. எனக்கு அது பிடிக்கல. என்ன செய்ய?

பதில்: போர்டு வெக்காத மக்கா, உனக்கு பிடிக்காம போனது சரிதான். ஆனா உங்க பசங்க மேலயும் தப்பு இல்ல கேட்டியா. சின்ன கட்டைன்னா குதிக்கும்போது தெரியாம தலைல முட்டியே ஆவணும், முட்டினா அது என்னன்னு தெரிஞ்சிரும். பெரிய கட்டை பக்கவாட்டுல நிக்கும், அதுல யாரும் தெரியாம போய் டேஷ் அடிக்க மாட்டான். செவரு உயரத்துல ஒண்ணு நின்னா கண்ணுக்கு அது செவருதான். அதனால பெருசாக்க பெருசாக்க அது ஒரு தனிப் பொருளுன்னு காட்டுற வேலையும் கூடும்.

மொதல்ல அத சுத்தி இருக்கிற செவத்துல இருந்து பிரிச்சு காட்டு. கலரு வேற, ஓரத்துல கறுப்பு கோடு, மேல ஒரு சின்ன சந்து, முடிஞ்சா அந்த சந்து வழியா அந்தப் பக்கத்து வெளிச்சமோ ஒரு காசோ தெரியட்டும். அந்தப் பக்கம் ஏதோ இருக்குன்னு தெரிஞ்சா போதும், மனுசன் திரும்பிப் போவ மாட்டான். விரிசல் போடுறது நல்லதுதான், ஆனா வெறும் விரிசல நம்பாத, நெறைய கேம்ல அழகுக்கு வரைஞ்ச செவத்துலயும் விரிசல் இருக்குறதால இப்போ யாரு கண்ணும் அதுல நிக்கிறது இல்ல.

அப்புறம் அந்தப் பெரிய கட்டை வாரதுக்கு முன்னாடியே அதே கலரு, அதே விரிசல் உள்ள சின்ன கட்டைய ஒரு எதிரி பின்னாடி வை. எதிரிய அடிக்க டேஷ் போடுவான்ல, அந்த வேகத்துல பின்னால உள்ள கட்டையும் தானா ஒடைஞ்சிரும். அவன் கத்துக்கிட்டான், நீ ஒண்ணும் சொல்லல. அதுக்குப் பெறவு பெருச கொண்டு வந்து நிறுத்து, நேரா போய் அடிப்பான் பாரு.

ஒடைக்க முடியாத சமயத்துலயும் கட்டை பதில் சொல்லணும், இத நிறைய பேரு விட்டுருக்காங்க. சக்கைய (பலாப்பழத்த) தட்டிப் பாத்தே பழுத்ததா இல்லையான்னு சொல்லுற ஊரு நம்ம ஊரு, வெளையாடுறவன் கைக்கும் காதுக்கும் அந்த மாதிரி ஒரு பதில் குடு. டேஷ் இல்லாம சும்மா மோதினாக்கூட கொஞ்சம் குலுங்கி பொடி உதிர்ந்து ‘டொப்’புன்னு உள்ள பொள்ளலா ஒரு சத்தம் வரட்டும். ஒடையவே ஒடையாத செவத்துக்கு ‘டிக்’குன்னு கெட்டி சத்தம், பொடி கிடையாது. ரெண்டு தடவ கேட்டாலே வித்தியாசம் பிடிபட்டுரும்.

முக்கியமானது இனிதான். அந்தக் கட்டை ஒரே வழிய அடச்சு நிக்குதுன்னா, அத ஒடைக்கிற பலம் வெளையாடுறவன் கையவிட்டு போகவே கூடாது. மாரியோல அடி வாங்கினா சின்னதாயிரும், செங்கல் ஒடையாது, ஆனா பரவால்ல, அங்க செங்கல் பெரும்பாலும் தலைக்கு மேலதான், கீழால ஓடிரலாம். உன் கேம்ல கட்டை குறுக்க நிக்கு. டேஷ் பவர பாதில எழந்துட்டு வந்து அங்க நின்னா, முன்னயும் போக முடியாது பின்னயும் போக முடியாது, கேம ஆஃப் பண்ணிட்டு போயிருவான். டேஷ் எப்பவும் கூடவே இருக்கிற திறமையா வை, இல்லன்னா கட்டைக்கு இந்தப் பக்கமே எடுக்க எடுக்க திரும்ப வர மாதிரி பவர வை. 1987ல வந்த மெகா மேன்ங்கற கேம்ல, எலெக் மேன்ங்கற வில்லனோட ஸ்டேஜ்ல பெரிய கல்லுக்கு பின்னாடி மேக்னெட் பீம்னு ஒரு சாமான் இருக்கும், கட்ஸ் மேன்ங்கற இன்னொரு வில்லன தோக்கடிச்சு வாங்கின சூப்பர் ஆர்ம்ங்கற பவர் இருந்தா கல்ல தூக்கி எறிஞ்சிட்டு எடுத்துக்கலாம். இல்லாதவனுக்கும் மேல ஏறிப் போக வழி உண்டு, பெறவு திரும்பி வந்து எடுத்துக்கலாம். ஸ்டேஜ முடிக்கிறதுக்கு கல்லு தடையே இல்ல, அதாக்கும் அதுல உள்ள நியாயம்.

கோடோல பண்ணும்போது ஒரு விஷயம். பெரிய கட்டைய டைல்மேப்ல (கட்டம் கட்டமா ஒட்டி ஸ்டேஜ் வரையுற எடம்) நாலு டைலா ஒட்டாத, தனி சீனா பண்ணு, அசையாம நிக்கிற ஸ்டேடிக்பாடி ஒண்ணு, எங்க மோதும்னு சொல்ற கொலிஷன் ஷேப் ஒண்ணு, அவ்வளவுதான். ஒடைஞ்ச உடனே கொலிஷன எடுத்துரு, செட் டெஃபர்டு (வேலைய கொஞ்சம் பிந்தி செய்யச் சொல்ற கட்டளை) போட்டு எடு, இல்லன்னா பிசிக்ஸ் ஓடிட்டு இருக்கும்போதே மாத்துறன்னு எரர் காட்டும். பறக்குற துண்டு எதுவும் ஹீரோ மேல முட்டக் கூடாது. ஒடைஞ்சு தூளாவுறத கண்ணு பாக்குது, கால் மட்டும் அங்கயே தட்டி நிக்குதுன்னா அம்புட்டு எரிச்சல் வரும்.

கேள்வி (தக்கலை, பள்ளிக்கூட கம்ப்யூட்டர் டீச்சர்): ஸ்க்ராட்ச்ல, அதான் பிள்ளைங்க கேம் பண்ணப் பழகுற புரோகிராம்ல, பெரிய கட்டைய நாலு சின்ன கட்டையா குளோன் (நகல்) பண்ணி அடுக்குறாங்க. அடிச்சா ஒரு மூலை மட்டும் காணாம போகுது, மீதி மூணும் அந்தரத்துல நிக்குது. எப்டி சொல்லிக் குடுக்க?

பதில்: டீச்சர், நாலும் ஒரே குடும்பம்னு ஸ்க்ராட்சுக்கு யாரும் சொல்லல, அதான். ‘இந்த ஸ்ப்ரைட்டுக்கு மட்டும்’னு ஒரு வேரியபிள் போட்டு, அதுல கட்டை நம்பர வைக்கச் சொல்லுங்க, நாலு துண்டுக்கும் ஒரே நம்பர். அடி விழுந்த துண்டு தன்னோட நம்பர பொதுவான ஒரு வேரியபிள்ல எழுதிட்டு எல்லாத்துக்கும் சேதி சொல்ற பிராட்காஸ்ட் பண்ணட்டும், அது கேட்டதும் ஒவ்வொரு குளோனும் நம்பர் ஒத்துப் போகுதான்னு பாத்து தானா அழிஞ்சுக்கும். சின்ன கிளாஸ் பிள்ளையன்னா இவ்வளவு வேண்டாம், ஒரே பெரிய காஸ்ட்யூமா வரைஞ்சுரட்டும். ஸ்டேஜ் 480க்கு 360, பெரிய கட்டை 60ன்னு வெச்சா குறுக்க 8, உயரத்துக்கு 6, சின்னது 30ன்னா 16, 12. மிச்சம் இல்லாம கட்டம் வரும், நோட்டுல கட்டம் போட்டே ஸ்டேஜ வரைஞ்சு பாத்துரலாம்.

கேள்வி (நாகர்கோவில், ஏழாம் கிளாஸ் பையனோட அம்மா): பையன் சூப்பர் மெட்ராய்டுன்னு ஒண்ணு வெளையாடுகான். ஒரு எடத்துல கட்டை அடச்சிருக்கு, ஒடையவே மாட்டேங்குன்னு ராத்திரி வரைக்கும் அதையே வெடிச்சிட்டு கெடக்கான். கேம் கெட்டுப் போச்சா?

பதில்: கெடல அக்கா, 1994ல வந்ததுல இருந்தே அந்த கேம் அப்டித்தான். அதுல ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு ஆயுதம், சிலதுக்கு பாம், சிலதுக்கு சூப்பர் மிசைல், சிலதுக்கு பவர் பாம், சிலது வேகமா ஓடி மோதினாத்தான் ஒடையும். அந்த எடத்துல பாம் வெச்சதும் கட்டைல ஒரு சின்ன அடையாளம் தெரியுதான்னு பாக்கச் சொல்லுங்க, எது வேணும்னு அதே காட்டிரும். அந்த ஆயுதம் இன்னும் கைல இல்லன்னா அங்க நின்னு பிரயோஜனம் இல்ல, எடத்த ஒரு நோட்டுல குறிச்சு வெச்சிட்டு வேற பக்கம் போகட்டும், கெடச்சதும் திரும்ப வரலாம். இன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கச் சொல்லுங்க.

கேள்வி (கன்னியாகுமரி, டூரிஸ்ட் வேன் ஓட்டும் வாசகர்): நம்ம ஊரு பக்கத்துல கடலோரம் உள்ள வட்டக்கோட்டைய வெச்சு ஒரு கேம் வந்தா எப்டி இருக்கும்? மதிலயே பெரிய பெரிய கட்டையா ஒடச்சிட்டு போற மாதிரி பண்ணலாமே?

பதில்: கோட்டைய வெச்சு கேம் வந்தா ரொம்ப கொள்ளாம், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, மேல ஏறிப் போற சரிவு, ஸ்டேஜுக்கு உள்ளது எல்லாமே அங்க இருக்கு. ஆனா மதில ஒடைக்கிறதுல எனக்கு சம்மதம் இல்ல அண்ணே. அது கருங்கல்லு. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா காலத்துல அவரோட தளபதி டிலனாய் பலப்படுத்தின கோட்டை, கடல் காத்துக்கு இத்தன காலம் நிக்கிற கல்லு, அத ஒரு டேஷ்ல தூளாக்கினா நம்ம ஊர்க்காரன் எவனும் நம்ப மாட்டான். எந்த சாமான்ல செஞ்ச கட்டைங்கறதே பாதி சேதி சொல்லிரும். ஒடையிறதுக்கு வேற வைக்கலாம், மரப்பெட்டி அடுக்கு, காஞ்ச ஓலை மறைப்பு, பூச்சு பேந்த செங்கல் தடுப்பு, இதெல்லாம் பாத்த உடனே கை தானா போவும். கருங்கல்லு நின்னா ஏறிப் போ, செங்கல்லு நின்னா ஒடச்சுப் போன்னு மொத நிமிசத்துலயே ஆளுக்கு வெளங்கிரும்.

கேள்வி (பூதப்பாண்டி, பத்தாம் கிளாஸ் மாணவி): பெரிய கட்டை எத்தன அடில ஒடையணும்? எங்க அண்ணன் பத்து அடி வேணும்ங்கான்.

பதில்: பத்து வேண்டவே வேண்டாம்மா. ஓடிட்டு இருக்கிற வழில நிக்கிற கட்டைன்னா ஒரே அடி, அங்க வேகந்தான் சொகம். 2014ல வந்த ஷவல் நைட்ங்கற கேம்ல மண்வெட்டியால மண் கட்டைய வெட்டி வெட்டிப் போறது அவ்வளவு இதமா இருக்கிறதுக்கு காரணம், கையும் காலும் நிக்கவே நிக்காது. வழிய விட்டு ஒதுங்கி, உள்ள ஏதோ வெச்சிருக்கிற கட்டைன்னா மூணு அடி வரைக்கும் வைக்கலாம், ஆனா ஒவ்வொரு அடிக்கும் அது மாறணும், மொத அடில விரிசல், ரெண்டாவதுல ஒரு மூலை பேந்து விழணும். ஒண்ணும் மாறாம நிக்கிற கட்டைய ரெண்டு அடிக்கு மேல யாரும் அடிச்சுப் பாக்க மாட்டாங்க, ஒடையாதுன்னு முடிவு பண்ணிட்டு போயிருவாங்க. மூணாவது அடி விழும்போது எல்லாத்தையும் ஒரு 4 ஃப்ரேம் (ஸ்கிரீன்ல மாறி மாறி வர ஒவ்வொரு படம்) நிறுத்து, நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுற கேம்ல அது கண்ண சிமிட்டுற நேரம் கூட இல்ல, ஆனா அடி கனமா விழுந்த மாதிரி கைக்கு தெரியும். அதுக்குப் பெறவு தூளாக்கு, பாட்ட மட்டும் நிறுத்தாத. உங்க அண்ணன் நம்பலன்னா பத்து அடில ஒண்ணும் மூணு அடில ஒண்ணும் பண்ணி ரெண்டையும் அவன் கைலயே குடு.