‘ஒரிஜினல் லெதர்தானே?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

ராணிப்பேட்டையில் தோலுக்குச் சாயமும் பூச்சும் ஏற்றும் ஃபினிஷிங் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். சோபா வாங்கும் சொந்தக்காரர்கள் கடையில் நின்றுகொண்டே எனக்குப் போன் போடுவது வழக்கம். இந்த முறை வாசகர்களின் கேள்விகள்.

கடையில் ‘ஜெனுவின் லெதர்’ என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (கோவை வாசகி)

அந்த அட்டை பொய் சொல்வதில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. மாட்டுத்தோல் நான்கைந்து மில்லிமீட்டர் கனம் இருக்கும். சோபாவுக்கு வேண்டியது ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றேகால். அதனால் மெஷினில் விட்டு அடுக்கடுக்காகப் பிரிப்பார்கள். முடி இருந்த பக்கத்து அடுக்குக்கு கிரெயின் என்று பெயர். அதில் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். அடியில் வருவது ஸ்பிளிட். நார் தளர்ந்தது, சீக்கிரம் இழுபடும். அதன் மேல் கனமாகப் பூச்சு ஏற்றி, தோல் போலவே வரி அச்சடித்தும் விற்கலாம். அதுவும் மாட்டிலிருந்து வந்ததுதானே, ‘ஜெனுவின்’ என்று எழுதினால் யார் மறுக்க முடியும்?

கிரெயினிலும் இரண்டு வகை உண்டு. மேற்பரப்பைத் தொடாமல் அப்படியே விட்டது ஃபுல் கிரெயின். தழும்பு தெரியாமலிருக்க உப்புத்தாளால் தேய்த்து, பூச்சடித்து, அச்சு போட்டது கரெக்டெட் கிரெயின். ஷோரூமில் ‘டாப் கிரெயின்’ என்று காட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அது மட்டமான சரக்கு இல்லை.

அப்புறம் ‘ஹாஃப் லெதர்’. உட்காரும் இடம், சாயும் இடம், கை வைக்கும் இடம் தோல். பக்கவாட்டும் பின்புறமும் ரெக்சின். சுவர் பார்க்கும் பக்கத்துக்கு எதற்குத் தோல்? விலை அதற்கேற்ப இருந்தால் தாராளமாக வாங்கலாம். எங்கெங்கே கிரெயின், எங்கெங்கே ஸ்பிளிட், எங்கெங்கே ரெக்சின் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் எனக்கு வேலையில்லை.

தீக்குச்சி வைத்துப் பார்த்தால் தெரியும் என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

கடைக்காரர் உங்களைத் துரத்துவார். பூச்சு கனமாக இருந்தால் அசல் தோலிலும் பிளாஸ்டிக் நாற்றம்தான் முதலில் வரும். மோந்து பார்ப்பதும் உதவாது, தோல் வாசனையை ரெக்சினிலும் ஏற்றிவிடலாம். குஷன் உறையின் ஜிப்பைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். நார் நாராக, மெத்தென்று இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின் அல்லது தோல் கழிவை அரைத்துச் செய்த பாண்டட் லெதர்.

மூன்றே வருடத்தில் சோபா செதில் செதிலாக உரிகிறது. தோல் உரியுமா சார்? (தூத்துக்குடி வாசகர்)

தோல் வெடிக்கும், கீறல் விழும், நிறம் போகும். பாம்புச் சட்டை போல ஏடு ஏடாக உரிந்தால் அது பாலியூரித்தேன் பூச்சு. நீங்கள் வாங்கியது பெரும்பாலும் ரெக்சின் அல்லது பாண்டட் லெதராக இருக்கும். பாண்டட் என்பது தோல் கழிவை அரைத்து, பசை சேர்த்து, தாள் போல இழுத்துத் துணியில் ஒட்டி, மேலே பாலியூரித்தேன் தடவியது. காற்றிலுள்ள ஈரமும் வெக்கையும் சேர்ந்து அந்தப் பாலியூரித்தேனின் பிணைப்புகளை மெல்ல அறுக்கும். யாரும் உட்காராமல் பூட்டிய வீட்டில் கிடந்தாலும் உரியும். தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். உரிந்ததை ஒட்ட வழியில்லை. மரச்சட்டம் நன்றாக இருந்தால் உறையை மட்டும் மாற்றுங்கள்.

அனிலின் லெதர்தான் உயர்ந்தது என்று படித்தேன். விலை அதிகம் என்றாலும் அதையே வாங்கிவிடலாமா? வீட்டில் இரண்டு குழந்தைகள், மாமனார் மாமியார் உண்டு. (சென்னை வாசகி)

வேண்டாம் அம்மா.

அனிலின் என்பது வெறும் சாயத்தில் நனைத்த தோல். மேலே நிறப்பூச்சு கிடையாது. மயிர்க்கால் துளை, சுருக்கம், பழைய தழும்பு எல்லாம் அப்படியே தெரியும். தொட்டால் உயிருள்ள தோல் போல இருக்கும். மறைக்க எதுவும் இல்லாததால் குறை அதிகமில்லாத தோலை மட்டுமே அப்படி விட முடியும், விலையும் அதனால்தான். எங்கள் ஃபினிஷிங் பிரிவில் அப்படி ஒரு தோல் வந்தால் எல்லோரும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவோம்.

ஆனால் அது தண்ணீரைக் குடிக்கும், காபியைக் குடிக்கும், எண்ணெயையும் குடிக்கும். உங்கள் மாமனார் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு மாலையில் டிவி முன்னால் சாய்வார் இல்லையா? ஆறே மாதத்தில் அந்த இடம் கறுத்துவிடும், எடுக்கவும் முடியாது. தோல் சோபாவின் முதல் எதிரி குழந்தையும் இல்லை, பூனையும் இல்லை. தேங்காய் எண்ணெய்தான்.

நம் வீடுகளுக்கு ஏற்றது பிக்மென்டட், அதாவது நிறப்பூச்சும் அதன் மேல் தெளிவான காப்புப் பூச்சும் ஏற்றியது. பார்க்க ஒரே சீராக, கொஞ்சம் உயிரில்லாமல்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். சிந்தினால் துடைத்துவிடலாம். ரொம்ப ஆசையாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே செமி-அனிலின் இருக்கிறது. எந்த வகையானாலும் தலை சாயும் இடத்தில் மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். எண்ணெயும் வியர்வையும் நாள்பட்டால் பிக்மென்ட் பூச்சையும் பிசுபிசுக்க வைக்கும்.

எது எது என்று கண்டுபிடிக்க, கடையில் கொடுக்கும் மாதிரித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் அனிலின், முத்தாக நின்றால் பூச்சு உள்ளது. தண்ணீர் நின்றால் போலி என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்.

பசுத்தோலா, எருமைத்தோலா? (ஈரோடு வாசகர்)

எருமைத்தோல் கனம், பலம், விலையும் குறைவு. கிரெயின் கரடுமுரடாக இருப்பதால் பெரும்பாலும் தேய்த்து அச்சுப் போட்டே வரும். பசுத்தோல் நயம். நம் நாட்டு மாட்டுக்கு உண்ணிக் கடி, முள் கீறல், சூடு போட்ட தழும்பு எல்லாம் உண்டு. அளவிலும் சிறியது. ஐரோப்பிய மாட்டின் முழுத்தோல் 50 சதுர அடியைத் தொடும், நம்முடையது பெரும்பாலும் அதில் பாதிதான். அதனால் சோபாவில் தையல் கூடும். தையல் அதிகம் என்பதற்காகக் கழித்துவிடாதீர்கள், உட்காரும் இடத்தின் நடுவில் வராமலிருந்தால் போதும்.

பசுவோ எருமையோ, எந்த மாடு என்பதைவிட மாட்டின் எந்தப் பகுதி என்பது முக்கியம். முதுகும் பின்தொடைப் பக்கமும் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தொளதொள. சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய ரேகைகள் விழுந்து, விரலை எடுத்ததும் மறைந்தால் நல்லது. மேற்பரப்பு தனியாகப் பிரிந்தது போலப் பெரிய மடிப்பாக எழும்பினால் அது ‘லூஸ் கிரெயின்’. இரண்டு வருடத்தில் சீட் தொங்கும். ஆட்டுத்தோல் சோபாவுக்கு வேண்டாம், சின்னத் துண்டுதான் கிடைக்கும்.

தெரிந்த ஆசாரி ஒருவர் சோபா செய்து தருகிறார். தோலை நானே வாங்கித் தரவேண்டும். எவ்வளவு வாங்குவது? (வேலூர் வாசகர்)

மூன்று பேர் உட்காரும் சோபாவை முழுவதும் தோலில் மூட 180 முதல் 220 சதுர அடி வரை ஆகும். தோல் துணி மாதிரி நேராக வராது. ஓரம், ஓட்டை, வயிறு என்று கால்வாசி கழியும், அதையும் சேர்த்த கணக்கு இது. ஒவ்வொரு தோலின் பின்புறமும் அளவு எழுதியிருக்கும். 24-க்குப் பக்கத்தில் மேலே பொடியாக 2 என்றிருந்தால் இருபத்து நாலரை. பொடி எண் கால் கணக்கு. எல்லாம் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய சரக்கில் வாங்குங்கள். அடுத்த லாட்டில் அதே பழுப்பு கிடைக்காது, இதை நான் சாயம் கலக்கியவனாகச் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் சோபாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிகிறது. (சென்னை வாசகர்)

வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இன்றே கழற்றுங்கள். உள்ளே ஈரம் சிறைப்பட்டுப் பூஞ்சை வளரும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, மிதமான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் இன்னொரு முறை துடைத்து ஃபேன் காற்றில் காய விடுங்கள். வெயிலில் காயவைத்தால் விறைத்து வெடிக்கும். மினுமினுப்புக்கு எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது பூஞ்சைக்குச் சாப்பாடு.

குரோம் தோல் பாலாற்றைக் கெடுத்தது. மூலிகை முறையில் பதனிட்ட தோலில் சோபா கிடைக்குமா? (ஆம்பூர் வாசகி)

ஊர்க்காரர் கேட்கும் கேள்வி இது. குரோம் தோல் என்பது குரோமியம் உப்பில் பதனிட்டது. ஆலைக் கழிவுநீரால் பாலாற்றில் நடந்ததை நானும் பார்த்தவன்தான். வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்கு அபராதம் விதித்துச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதற்குள் நிலத்தடி நீர் போனது போனதுதான்.

ஆவாரம்பட்டை, கடுக்காயில் பதனிட்ட நம் ‘ஈஸ்ட் இந்தியா’ தோலுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பை, பெல்ட், செருப்புக்கு அருமையான தோல். சோபாவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெளிச்சத்தில் கறுக்கும், தண்ணீர் பட்டால் கறை, குரோம் தோலின் குழைவும் வராது. குரோம் இல்லாமல் வேறு ரசாயனத்தில் பதனிட்ட தோலும் சந்தையில் உண்டு. கடையில் ‘குரோம்-ஃப்ரீ’ என்று கேளுங்கள், சோதனைச் சான்று காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் துண்டு ஒன்றை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரித்துச் சோதிக்கலாம். 1948-லிருந்து அவர்களுக்கு இதுதான் வேலை.