அப்பா உயில் எழுதவில்லை, தவணை கட்டுவது நான்: வீடு யாருக்கு?

மலேசியாவின் பட்டர்வர்த்தில் உங்கள் தந்தையார் பெயரில் மட்டும் ஒரு தரை வீடு இருக்கிறது. அவர் சென்ற ஆண்டு உயில் எழுதாமலே காலமானார். அம்மாவும், மணமான அக்காவும், தம்பியும், சுங்கை பட்டாணியில் சித்தப்பா வீட்டில் இருக்கும் பாட்டியும் உங்கள் குடும்பம். அன்றிலிருந்து வங்கித் தவணையை நீங்கள் ஒருவரே கட்டி வருவதால் வீடு உங்களுக்குத்தானே, பெயர் மாற்றுவதற்கு அவசரம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு உங்களுக்கு மட்டும் உரியதன்று. அவசரமோ நிரம்ப உண்டு. நான் வழக்கறிஞர் அல்லன், புக்கிட் மெர்தாஜாமில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆயினும் இதே நிலையில் எங்கள் வீட்டில் நாங்கள் செய்த தவறு ஐந்து ஆண்டுகளைத் தின்றது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முஸ்லிம் அல்லாத ஒருவர் உயிலின்றி இறந்தால், அவருடைய சொத்தை 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகள் அனைவருக்குமாகச் சேர்த்துப் பாதி. உங்கள் கணக்கில் அம்மாவுக்குக் கால், அப்பாவின் தாயாரான பாட்டிக்குக் கால், நீங்கள் மூவரும் ஆளுக்கு ஆறில் ஒன்று. கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் உண்டு, ஆனால் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. அக்காவின் பங்கும் தம்பியின் பங்கும் ஒன்றே. தவணை கட்டுவதால் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதும் இல்லை. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், மற்றவர்களுடன் பேசும்போது அவை உங்களுக்குத் துணை நிற்கும், அவ்வளவுதான்.

இனி அவசரம் எங்கே என்பதற்கு வருகிறேன். எங்கள் அப்பா இறந்தபோது பாட்டி திடமாக இருந்தார். "அவர் பங்கை யார் கேட்கப் போகிறார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அம்மா சொன்னார். துக்க வீட்டில் கிராண்டைப் (வீட்டின் உரிமைப் பத்திரத்தைப்) பற்றிப் பேச எனக்கும் நா எழவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பாட்டியும் போய்ச் சேர்ந்தார். அப்பா இறந்த அன்றே பாட்டிக்கு உரிமையாகிவிட்ட அந்தக் கால் பங்கு அவரோடு மறைந்துவிடவில்லை. அது அவருடைய ஆறு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்தது. இறந்துபோன அப்பாவின் இடத்தில் எங்களுக்கு ஒரு துண்டு, மீதி ஐந்து துண்டுகள் பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் பெயரில். வீட்டின் 24இல் ஒரு பங்கு என்பது ஒரு குளியலறை அளவுகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் பங்கீட்டு அதிகாரி நடத்தும் விசாரணைக்கு வர வேண்டும், அல்லது ஒப்புதல் படிவத்தில் முறைப்படி கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா விடுப்பு கிடைக்கவில்லை என்றே ஓராண்டை ஓட்டினார்.

கடைசியில் விசாரணை நாளன்று அதிகாரி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, பங்கை எங்கள் அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று மலாயில் கேட்டார். கடைசி அத்தையின் முறை வந்தபோது அவர் அம்மாவை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த அரை நிமிடத்தில் அம்மா தம் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அத்தை பிறகு சம்மதம் சொல்லிவிட்டார். அம்மாவும் அவரும் முன்போலப் பேசிக்கொள்வதில்லை.

உங்கள் பாட்டி இன்று இருக்கிறார். அவர் தெளிவான மனத்தோடு அதிகாரி முன் வந்து, தம் பங்கு மருமகளுக்கே போகட்டும் என்று சொன்னால் ஒரே கையொப்பத்தில் முடிந்துவிடும். அவரை வற்புறுத்தச் சொல்லவில்லை. அது அவருடைய உரிமை, வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும்.

செய்முறை பெரிய சிக்கலன்று. நிலமோ வீடோ அடங்கிய, உயிலற்ற சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாவிட்டால் (2024 ஜூலைக்கு முன்பு இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது) உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. சொத்து இருக்கும் மாவட்டத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் 'போராங் ஏ' படிவத்தை நிரப்பி, இறப்புச் சான்றிதழ், கிராண்டு நகல், எல்லோருடைய அடையாளக் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பெற்றோரின் திருமணப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை முதலில் தேடுங்கள். 1982 மார்ச் முதல் திருமணப் பதிவு கட்டாயம். அதன் பிறகு கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட தம்பதியரில் கணவர் இறந்தால், மனைவி என்று நிறுவுவதே அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாடாகிவிடும்.

அடுத்த தவணை கட்டுவதற்கு முன் ஒரு வேலை. வீட்டுக் கடனோடு எம்ஆர்டிஏ எனப்படும் காப்புறுதி எடுக்கப்பட்டிருந்ததா என்று வங்கியில் எழுத்து மூலம் கேளுங்கள். இருந்தால், கடன் வாங்கியவர் இறந்ததும் மீதக் கடனைக் காப்புறுதி நிறுவனம் அடைக்கும். முழுவதையும் அடைக்குமா, ஒரு பகுதியை மட்டுமா என்பது எடுத்த தொகையையும் காலத்தையும் பொறுத்தது. அப்பாவின் பிஸ்கட் டின்னில், பழைய மின் கட்டண ரசீதுகளுக்கு அடியில் அந்தக் கடிதம் கிடைத்தபோது நான் பதினொரு மாதத் தவணையைக் கட்டி முடித்திருந்தேன். வங்கியில் யாரும் அதுவரை வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணிக்குப் போனால் பாட்டியின் அடையாளக் கார்டை நகலெடுத்து வாருங்கள். சித்தப்பாவையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டே பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் வாங்கிய கையொப்பம் என்ற பேச்சு பின்னால் வரக் கூடாது.