கல்லடில பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக் கடை போடலாமா?

கேள்வி: குவைத்துல வேலை செய்யேக்க கூட இருந்த பிலிப்பைன்ஸ் அக்காமார்கிட்ட சமைக்கப் பழகின நான். இப்ப வீட்டு முன்பக்கத்துல குடும்பமா சின்னக் கடை போட யோசிக்கிறம், எங்கட ஆக்கள் சாப்பிடுவாங்களா அக்கா?
- வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: கட்டாயம் சாப்பிடுவாங்க தங்கச்சி. பின்னேர டீயோட தொடங்குங்க, புட்டோ அரிசிமாவுல அவிக்கிறது, மேல தேங்காப்பூ, பிபிங்காவும் அரிசிமாவு தேங்காப்பால்தான், வாழையிலையில ஊத்தி மேலயும் கீழயும் தணல் வெச்சு சுடுறது, வாழைப்பழத்த சீனில பிரட்டி மெல்லிசான மாத்தாள்ல சுத்திப் பொரிக்கிற துரோன் பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கே முடிஞ்சிரும். சோத்துக்கு சினிகாங் வைங்க, புளி விட்ட சூப்புதானே, வாவி இறால் போட்டா அப்பிடி ஒரு ருசி. உறைப்பு காணாதெண்டுவாங்க, அதுக்காக மிளகாய்த்தூளக் கொட்டிராதீங்க, பக்கத்துல பச்சக் கொச்சிக்கா வைங்க போதும். அடோபோ எண்டா வினாகிரி, சோயா சோஸ் விட்டு வேக வைக்கிற இறைச்சிக்கறி, அத கோழில மட்டும் செய்ங்க, ஹலால் கோழியா எடுத்தா காத்தான்குடி ஆக்களும் வருவாங்க, ஆனா வினாகிரி, சோயா சோஸ் போத்தல்லயும் ஹலால் பாத்து வாங்கணும். பிலிப்பைன்ஸ்ல கரிண்டேரியா எண்ட குடும்பக் கடைகள்ல கறிச்சட்டிய முன்னுக்கு வெச்சிருப்பாங்க, ஆக்கள் பாத்துக் கைகாட்டி வாங்குவாங்க, நீங்களும் அப்பிடியே வைங்க, தெரியாத சாப்பாட்டக் கண்ணால பாத்தாத்தான் வாங்க மனசு வரும். மாநகரசபை லைசன்ஸ முதல்ல எடுங்க.